தவில் பிளக்கிறதா, பாட்டைக் காணோமா? மேடை ஒலிப்பதிவுக் கோளாறுகளும் தீர்க்கும் வழிகளும்

தை மாதத்தில் திருவையாறு ஆராதனை, சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலிகள், நரசிம்ம ஜயந்திக்கு மேலட்டூர் பாகவத மேளா, இவற்றுக்கு நடுவே ஊருக்கு ஊர் கோயில் திருவிழாவும் கல்யாணக் கச்சேரியும். காவிரிப் படுகையில் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்களுக்கும் பஞ்சமில்லை.

கெட்டுப்போன பதிவைக் கணினி முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் கழுவிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கோளாறுகளில் பெரும்பகுதி மைக்கை வைத்த இடத்திலும் செருகிய ஒயரிலும் பிறப்பவை. அங்கே போய்த்தான் அவற்றைத் தீர்க்க வேண்டும். அதனால் கீழே சொல்வதில் கணினி வேலை குறைவாகவும் மேடையடி வேலை அதிகமாகவும் இருக்கும்.

முதலில் ஒரு பழக்கம். என்ன கோளாறாக இருந்தாலும் பதிவின் மூலக் கோப்பை, எதையும் திருத்தாமல், ஒயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். பிறகு அதன் அலை வடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். காது ஒன்றைச் சொல்லும், கண் இன்னொன்றைச் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் கோளாறு காற்றிலா, மைக்கிலா, ஒயரிலா, மிக்ஸரிலா, ரெக்கார்டரிலா என்பது பிடிபட்டுவிடும்.

தவில் அடிக்கும்போதெல்லாம் ஒலி பிளந்துபோகிறது

எல்லோருக்கும் வருவது இதுதான். எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள்: கெயின், அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு, அதிகம். பாதி நேரம் அது சரி. மீதி நேரம் கெயினைக் குறைத்தாலும் பிளவு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் குறைந்திருக்கும்.

அலை வடிவத்தைப் பாருங்கள். உச்சிகள் எல்லாம் அளவுகோலின் உச்சமான பூஜ்யத்தில் மோதி, கத்தியால் சீவியது மாதிரி தட்டையாக நிற்கின்றனவா? ரெக்கார்டரின் கெயின்தான் அதிகம். தட்டையாகத்தான் இருக்கின்றன, ஆனால் பூஜ்யத்துக்கு வெகு கீழேயே, மைனஸ் 6, மைனஸ் 10 என்று நின்றுவிடுகின்றனவா? அப்படியென்றால் ரெக்கார்டருக்கு வந்து சேர்வதற்கு முன்பே, அநேகமாக மிக்ஸரில், ஒலி வெட்டுப்பட்டுவிட்டது. தட்டையே இல்லை, ஆனாலும் காதுக்குக் கரகரப்பு என்றால் மைக்கே தாங்கவில்லை. அல்லது பந்தலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி கதறுவதை உங்கள் மைக் நேர்மையாகப் பதிந்திருக்கிறது.

முதல் வகைக்கு மருந்து எளிது. 24 பிட் பதிவில் சத்தம் தாழ்ந்திருப்பது குற்றமே இல்லை. சராசரி மைனஸ் 20 டெசிபல் அருகிலும் உச்சம் மைனஸ் 12 அருகிலும் இருந்தால் போதும், பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் நல்ல பதிவு என்பது கேசட் காலத்து நினைப்பு. அதில் நாடாவின் இரைச்சலை வெல்ல வேண்டியிருந்தது, இதில் அந்தத் தேவை இல்லை.

அளவு பார்க்கும் நேரத்தில்தான் ஏமாந்துபோகிறோம். சுருதி சேர்க்கும்போது தவில்காரர் இரண்டு தட்டு தட்டிவிட்டு மைக் சரியாக இருக்கிறது என்று தலையசைப்பார். அந்தத் தட்டுக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் விழும் தீர்மானம் என்ற முத்தாய்ப்பு அடிக்கும் சம்பந்தமே கிடையாது. வலந்தலை என்ற வலப்பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பி என்ற இடப்பக்கத்தில் பூவரசங்கழி. இரண்டும் முழு வேகத்தில் விழும்போது மீட்டர் எங்கேயோ போய்விடும். சோதனையில் கண்ட உச்சத்துக்கு மேல் இன்னும் 10, 12 டெசிபல் இடம் விட்டு வையுங்கள்.

32 பிட் மிதவைப் புள்ளி ரெக்கார்டர் இருக்கிறது, எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்பார் சிலர். கெயினைத் தவறாக வைத்த பிழையிலிருந்து அது காப்பாற்றும். மைக்கின் தாங்கும் திறனைத் தாண்டிய சத்தத்திலிருந்தோ மிக்ஸரில் வெட்டுப்பட்டு வந்த ஒலியிலிருந்தோ அது காப்பாற்றாது. மைக் தாங்கவில்லை என்றால் தள்ளி வைப்பதுதான் வழி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். தவிலிலிருந்து ஒரு அடியில் இருக்கும் மைக்கை இரண்டு அடிக்கு நகர்த்துவது வேறு எந்தப் பொத்தானைத் திருகுவதையும்விட நல்லது.

இரண்டாவது வகை மிக்ஸரிலிருந்து ஒயர் எடுப்பவர்களுக்கு வருவது. மிக்ஸரின் வெளியீடு லைன் அளவில் இருக்கும். மைக் அளவு அதைவிட 40 முதல் 60 டெசிபல் வரை தாழ்ந்தது. லைன் வெளியீட்டைக் கேமராவின் மைக் துளையில் செருகினால் கெயினைச் சுழியில் வைத்தாலும் பிளக்கத்தான் செய்யும். ரெக்கார்டரில் உள்ளீட்டை லைன் என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத கேமரா என்றால் நடுவில் ஒலி அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒயர் ஒன்று போட வேண்டும். இன்னொன்று: மிக்ஸரிலிருந்து வரும் ஒயருக்கு ரெக்கார்டரின் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். அது கண்டென்சர் மைக்குக்கு உரியது, மிக்ஸரின் வாய்க்குள் அனுப்புவதற்கு அல்ல.

ஹெட்போனில் பாட்டு இருக்கிறது, கைப்பேசியில் போட்டால் காணோம்

கேட்டவர்கள் பேய் புகுந்த மாதிரி பயப்படும் கோளாறு இது. ஹெட்போனில் பாடகர் இருக்கிறார், ஆனால் நடுவில் இல்லாமல் காதுகளைச் சுற்றி எங்கோ மிதக்கிறார். அதே கோப்பை ஒற்றை ஒலிபெருக்கி உள்ள கைப்பேசியிலோ கோயில் குழாயிலோ போட்டால் பாட்டு மறைந்து, எங்கோ கைதட்டலின் எச்சம் மட்டும் கேட்கும்.

காரணம் ஒயர். மிக்ஸரின் சமநிலை வெளியீடு ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில், ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் அனுப்புகிறது. மூன்று தொடர்புப் பகுதிகள் கொண்ட ஜாக் ஒன்றை அதில் செருகி, மறுமுனையைக் கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகினால், கேமரா அதை இடது, வலது என்று எடுத்துக்கொள்கிறது. இடதில் நேர் அலை, வலதில் தலைகீழ் அலை. இரண்டையும் கூட்டும் எந்தக் கருவியிலும் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

நல்ல செய்தி, இதில் இழப்பு எதுவும் இல்லை. எடிட்டிங் மென்பொருளில் வலது தடத்தை முழுவதும் நீக்கிவிட்டு இடது தடத்தை இரண்டு பக்கமும் வையுங்கள். பாடகர் திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்துகொள்வார். அடுத்த முறைக்கு மூன்று முள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். ஒயரில் ரெக்கார்டரின் ஒற்றைத் தடத்துக்கு எடுங்கள். களத்திலேயே பிடிக்க வேண்டும் என்றால் ரெக்கார்டரின் மானோ கேட்பு வசதியை ஒரு நொடி தட்டிப் பாருங்கள். மறைந்தால் ஒயரை மாற்றுங்கள்.

பின்னால் ஓயாத உறுமல்

இரண்டு வகை உண்டு, காதால் பிரித்துவிடலாம். அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று நிற்பது 50 ஹெர்ட்ஸ், நம் மின்சாரத்தின் அதிர்வு. 'ஜ்ஜ்ஜ்' என்று பல்லைக் கூசவைப்பது 100, 150 என்று அதன் மடங்குகள்; சீரியல் லைட்டும் மேடை விளக்கின் டிம்மரும் தருவது.

வரிசையாக விலக்கிப் பாருங்கள். ரெக்கார்டரைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி சார்ஜர். நிற்கவில்லையா, மிக்ஸர் ஒயரைப் பிடுங்குங்கள். இப்போது நின்றால், மிக்ஸருக்கும் உங்களுக்கும் இரண்டு இடங்களில் எர்த் கிடைத்து நடுவில் சுற்று உண்டாகியிருக்கிறது. நடுவில் போடும் டி.ஐ. என்ற இணைப்புப் பெட்டியில் எர்த்தைப் பிரிக்கும் விசை இருக்கும், அதைத் தட்டினால் போதும். அல்லது தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் உள்ள சிறு பெட்டி போடலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு உறுமல் போய்விட்டது என்று பெருமைப்படுபவர்களைப் பந்தல்களில் பார்க்கலாம். ஐப்பசி மழையில் நனைந்த தரையில், கையில் இரும்பு மைக்கோடு ஒருவர் நிற்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஒயரைப் பிடுங்கியும் இருக்கிறது, விளக்கு எரியும்போது மட்டும் வருகிறது என்றால் மைக் ஒயர் மின் ஒயரோடு சேர்ந்து படுத்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் போடுங்கள். கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். 'டிகிடிகி' என்று விட்டு விட்டு வந்தால் யாரோ ஒருவருடைய கைப்பேசி மைக் ஒயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும்.

பதிவில் ஏறிவிட்ட உறுமலை நீக்க 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் மெல்லிய வெட்டு போடுவது வழக்கம். இங்கே கர்நாடக இசைக்கென்று ஒரு எச்சரிக்கை. 1 கட்டைச் சுருதியில் பாடுபவரின் தம்புராவில் மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 2 கட்டையில் ஆதார ஷட்ஜம் 147 ஹெர்ட்ஸ். அகலமான வெட்டைப் போட்டால் உறுமலோடு சுருதியின் வேரையும் பிடுங்கிவிடுவீர்கள். வெட்டு ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. ஜெனரேட்டரில் ஓடிய கச்சேரி என்றால் இன்னும் சிரமம்: பந்தலில் விளக்கு ஏற ஏற எஞ்சின் தடுமாறும், 50 என்பது 49, 51 என்று அலையும், மெல்லிய வெட்டு அதைத் தவறவிடும். ஜெனரேட்டரின் டீசல் சத்தம் வேறு. அதைப் பந்தலின் பின்பக்கம், சத்தத்தைக் காற்று பந்தலைவிட்டு விலக்கிக்கொண்டுபோகும் இடத்தில் வைக்கும்படி விழாக் குழுவிடம் காலையிலேயே சொல்லிவைப்பது நல்லது. மாலையில் சொன்னால் யாரும் நகர்த்தமாட்டார்கள்.

வாய்ப்பாட்டு மட்டும் தெளிவு. வயலினும் தவிலும் எங்கோ

மிக்ஸரிலிருந்து மட்டும் பதிவெடுத்ததன் அடையாளம் இது. மிக்ஸர் முன் இருப்பவர் அரங்கத்துக்காகக் கலக்கிறார், உங்களுக்காக அல்ல. நாகஸ்வரமும் தவிலும் தாமே பந்தலை நிறைத்துவிடுவதால் அவற்றின் மைக்கை அவர் ஏறக்குறைய மூடியே வைத்திருப்பார். மெல்லிய குரலை ஏற்றியிருப்பார். அந்தக் கலவையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால் நடுவில் ஒரு குரல், சுற்றிலும் சூன்யம்.

இதற்கு என் வழி: உங்கள் சொந்த மைக் இரண்டு, மேடைக்கு எதிரே மூன்று நான்கு மீட்டரில், தலைக்கு மேல் உயரத்தில். பதிவின் உடல் அதுதான். மிக்ஸரின் ஒலி அதற்குக் கீழே, குரலின் சொற்கள் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும். கலக்கும்போது மிக்ஸர் தடத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒயரில் வந்த ஒலி உடனே வந்துவிடும், காற்றில் வந்தது மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி நொடி தாமதமாக வரும். தள்ளாமல் கலந்தால் குரல் குழாய்க்குள் பாடுவதாகக் கேட்கும்.

மைக் செட்காரரிடம் கேட்கும் முறையும் ஒன்று உண்டு. கச்சேரி தொடங்கும் நேரத்தில் ஓடிப்போய் "லைன் கொடு" என்றால் கிடைக்காது, கிடைத்தாலும் கெட்டதாகவே கிடைக்கும். பிற்பகலில் அவர் குழாய் கட்டிக்கொண்டிருக்கும்போதே போய், "அண்ணே, ஒரு ஆக்ஸ் அவுட் தனியாகக் கொடுப்பீர்களா? ஃபேடருக்கு முந்தியதாக இருந்தால் நல்லது" என்று கேளுங்கள். ஆக்ஸ் என்பது மிக்ஸரிலிருந்து தனிக் கலவை தரும் வெளியீடு, ஃபேடர் என்பது அரங்கத்து ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுவிசை. ஃபேடருக்கு முந்திய வெளியீடு என்றால், ஒலிபெருக்கி ஊளையிடும் என்று பயந்து அவர் குரலைத் திடீரென்று இறக்கினாலும் உங்கள் பதிவு இறங்காது. தவிலையும் நாகஸ்வரத்தையும் அந்த ஆக்ஸில் தாராளமாக ஏற்றச் சொல்லலாம், அரங்கத்தில் அது கேட்காது. தேநீர் வாங்கிக் கொடுப்பது உங்கள் விருப்பம்; பலன் உண்டு.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். தளர்வு இல்லாத ஊரில் மிக்ஸர் அணைந்து, மேளம் மட்டும் தொடர்வது உண்டு. ஒயரை மட்டும் நம்பியவரின் கோப்பில் அதன்பின் மௌனம்தான்.

நாகஸ்வரத்துக்கு மைக் வைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடிமுனையில் விரியும் புனலின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அங்கே ஒலி ஈட்டியாகக் குத்தும், வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்பு தூக்கலாக வரும். நாகஸ்வரத்தின் ஒலி புனலில் மட்டும் பிறப்பதில்லை, திறந்திருக்கும் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து, 2022-இல் புவிசார் குறியீடும் பெற்ற அந்த வாத்தியத்தின் கனிவை, உடலின் நடுவே பார்க்கும்படி, ஓரிரு மீட்டர் தள்ளி, புனலின் நேர்க்கோட்டிலிருந்து விலகி வைத்த மைக்தான் பிடிக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையால் பரவிய நீளமான பாரி நாகஸ்வரத்தை உட்கார்ந்து வாசிக்கும்போது புனல் ஜமக்காளத்தைப் பார்க்கிறது. தரையோரம் வைத்த மைக்குக்கு அதுவும் நேர் வாய்தான்.

பாட்டைவிட மண்டபம் அதிகமாகக் கேட்கிறது

கருங்கல் மண்டபத்திலும் டைல்ஸ் பதித்த கல்யாண மண்டபத்திலும் எடுத்தால் இப்படித்தான் வரும். மேடையிலிருந்து நேராக வரும் ஒலியைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மைக்குக்கு அதிகமாகக் கிடைக்கிறது. இதைப் பின்னால் நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. பேச்சுக்கு ஓரளவு சரி, கமகத்தைச் சிதைத்துவிடும். கிட்டப் போவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால், ஒரு காதைப் பொத்திக்கொண்டு மேடையை நோக்கி நடங்கள். ஒற்றைக் காது மைக் கேட்பதைப் போலவே கேட்கும். எதிரொலி பின்வாங்கிச் சொல் தெளிவாகும் இடம் ஒன்று வரும். அங்கே நில்லுங்கள், இன்னும் ஒரு அடி முன்னே வையுங்கள். தென்னங்கீற்றுப் பந்தல் என்றால் பின்வரிசையில்கூட நன்றாக இருக்கும். கீற்று ஒலியை விழுங்குகிறது. தகரக் கொட்டகை அப்படியல்ல, மழை வந்தால் கச்சேரியே இல்லை. ஆள் நிறைந்த பிறகு எந்த மண்டபமும் சற்று அடங்கும், ஆகவே காலி மண்டபத்தில் பயந்த அளவுக்கு மாலையில் பயப்பட வேண்டியிருக்காது.

திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் வேறு கணக்கு. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தையும் நூற்றுக்கணக்கானோர் வரிசை வரிசையாக உட்கார்ந்து பாடுகிறார்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே 20 மீட்டர் இருந்தால் ஒலிக்கு அது ஏறக்குறைய 60 மில்லி நொடி. வரிசைக்கு ஒரு மைக் வைத்துக் கலந்தால் எல்லோரும் தாளம் தப்பிப் பாடுவதாகக் கேட்கும், உண்மையில் யாரும் தப்பியிருக்கமாட்டார்கள். நடுவில், உயரத்தில், ஒரே ஒரு ஜோடி மைக். அதோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

குரல் அமுங்கி அமுங்கி எழுகிறது, சுருதியைக் காணோம்

கைப்பேசியில் எடுப்பவர்களின் பிரச்சினை. மிருதங்கத்தில் ஒரு அறை விழுந்ததும் குரல் தாழ்ந்துபோகும், ஒரு நொடி கழித்து மெல்ல மேலே வரும், அதோடு மின்விசிறிச் சத்தமும் பொங்கி வரும். தானியங்கிக் கெயின் செய்யும் வேலை இது. கேமராவில் ஒலி அளவைக் கையியக்கத்துக்கு மாற்றுங்கள். கைப்பேசியில் அந்த வசதி தரும் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள்.

சுருதி காணாமல் போவதற்குக் காரணம் இரைச்சல் நீக்கி. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை எல்லாம் இரைச்சல் என்று அது நினைக்கிறது. தம்புரா செய்வதோ மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதுதான். இணைய வழியில் சங்கீத வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்தத் துன்பம் பழக்கம். அமைப்பில் தேடி அதை அணையுங்கள். எடிட்டிங்கில் நீங்களே இரைச்சல் நீக்கம் செய்தாலும், மாதிரிக்கு எடுக்கும் துண்டில் சுருதிப் பெட்டி ஒலிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒலித்தால் அதைத்தான் அழிப்பீர்கள்.

சலங்கை கேட்கவில்லை, மேடைப் பலகை இடிக்கிறது

நாட்டிய மேடை பெரும்பாலும் பலகையும் கம்பமும். ஒவ்வொரு தட்டடவுக்கும் பலகை முழுவதும் அதிரும், மைக் ஸ்டாண்ட் பலகை மேல் நின்றால் அந்த அதிர்வு ஸ்டாண்ட் வழியாக ஏறி மைக்குக்குள் போகும். ஸ்டாண்டைத் தரையில் ஊன்றி, மைக்கை மட்டும் மேடை விளிம்புக்கு மேல் நீட்டிப் பாதங்களைப் பார்க்கவையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் விசையைப் போடுங்கள். சலங்கையின் ஒலி எங்கோ மேலே இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது.

நட்டுவாங்கத் தாளம் இன்னொரு தொல்லை. ஜதி சொல்பவரின் கையிலேயே தாளமும் இருப்பதால் அவர் மைக்கில் உலோகச் சத்தம் சொல்லைவிடப் பெரிதாக விழும். மைக்கை வாய்க்கு மேலிருந்து கீழ்நோக்கி வைக்காதீர்கள், அது நேராகக் கையைப் பார்க்கும்; கீழிருந்து மேல்நோக்கி, கைக்கு முதுகு காட்டும்படி வையுங்கள். ஒருபக்கம் கேட்கும் மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம்.

பாகவத மேளாவில் நடிகர்களே பாடியும் பேசியும் மேடையெங்கும் நடக்கிறார்கள். ஒரு இடத்தில் வைத்த ஒற்றை மைக்குக்கு அவர்கள் வருவதும் போவதுமாகத்தான் இருப்பார்கள். மேடை முன்விளிம்பில் இரண்டு மூன்று மைக்குகளைப் பரப்பலாம். ஒரு மைக்குக்கும் நடிகருக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது மைக்குகளுக்கு இடையே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் ஏறிக் குழறும்.

புஸ் புஸ், தடதட

காற்று. காவிரிக் கரை, கொள்ளிடக் கரை என்றால் மாலையில் நிச்சயம். மைக்கோடு வரும் பஞ்சு உறை வாயிலிருந்து வரும் மூச்சுக்கு மட்டும்தான். வெளிக் காற்றுக்கு முடி வைத்த உறை வேண்டும். ஆற்றங்கரையைவிட மோசமான எதிரி பந்தலின் நிலைவிசிறி. வித்துவான் வியர்க்கிறார் என்று யாராவது கச்சேரி நடுவில் அதைத் திருப்பி வைப்பார்கள், உங்கள் மைக் அதன் பாதையில் இருக்கும். காற்றுச் சத்தம் ஏறிய பதிவை முழுதாக மீட்க முடியாது.

அப்பளம் பொரிகிற சத்தம்

ஒயரை அசைத்தால் வருகிறதா, அசைக்காமலே வருகிறதா? அசைத்தால் வந்தால் பற்றவைப்பு விட்டிருக்கிறது, ஒயரை மாற்றுங்கள். சும்மா இருக்கும்போதே, அதுவும் மார்கழி, தை இரவில் பனி இறங்கிய பிறகு வந்தால் கண்டென்சர் மைக்குக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. ஏ.சி. போட்ட காரிலிருந்து எடுத்து உடனே வயல்காற்றில் திறந்தாலும் இதே கதை. பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். ஈரமான மைக்கை ஊதவோ முடி உலர்த்தியால் சூடாக்கவோ வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். அன்றைய இரவுக்கு டைனமிக் மைக் ஒன்று கையில் இருக்கட்டும், அது பனியைச் சட்டை செய்யாது.

உதடு முன்னே, ஒலி பின்னே

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிந்தினால் அது தூரம். வெப்பமான நம் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவில் பதிந்த ஒலி 86 மில்லி நொடி பிந்தும், நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) ஓடும் வீடியோவில் இரண்டு சட்டம். மொத்தமாக முன்னுக்கு இழுத்தால் சரி.

தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகினால் கடிகாரம். கேமராவும் ரெக்கார்டரும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே மணிக்கு 72 மில்லி நொடி விலகிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா பார்க்க ஒரு கைதட்டல் வையுங்கள். இரண்டு தட்டும் பொருந்தும்படி ஒலியை நீட்டினால் அல்லது சுருக்கினால் போதும்.

மூன்றாவது வகையை ரசிகர்கள் முதலில் கண்டுபிடிப்பார்கள்: ஒன்றரைக் கட்டையில் பாடியவர் பதிவில் இரண்டேகால் கட்டையில், அவசரமாகப் பாடுகிறார். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்று பதிந்த கோப்பை மென்பொருள் 48,000 என்று வாசிக்கிறது. சுருதி முக்கால் கட்டை ஏறிவிடும். கோப்பின் மாதிரி வீதத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். நீட்டுவது சுருக்குவது எதுவும் வேண்டாம். வீடியோவோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே 48,000-இல் எடுங்கள்.

பாதியில் நின்றுவிட்டது, கோப்பு திறக்கவில்லை

24 பிட், 48,000, ஸ்டீரியோ பதிவு மணிக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. பிடிக்கும். ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு பல ரெக்கார்டர்களில் உண்டு. நான்கு மணி நேரத்தில் அங்கே போய்விடும். நல்ல கருவி தானே அடுத்த கோப்பைத் தொடங்கும். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு உங்கள் கருவி என்ன செய்கிறது என்பதை வீட்டில் ஒரு நாள் ஓடவிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அமைப்பில் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். அது 1.2 வோல்ட், சாதா பேட்டரி 1.5, சொல்லாவிட்டால் கருவி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் அணையும்.

மின்சாரம் போய்க் கோப்பு பூஜ்ய அளவு காட்டினால் அந்தக் கார்டில் அதன்பின் எதையும் பதியாதீர்கள், ஃபார்மேட் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பெரும்பாலும் ஒலி உள்ளேதான் இருக்கும், கோப்பின் வகையையும் அளவையும் சொல்லும் தலைப்புப் பகுதி எழுதப்படவில்லை, அவ்வளவுதான். தரவு மீட்கும் மென்பொருளில் கோப்பை வெளியே எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் கச்சாத் தரவாக இறக்குமதி செய்யுங்கள்: 24 பிட், ஸ்டீரியோ, 48,000. வெறும் இரைச்சலாக வந்தால் மனம் தளர வேண்டாம். தொடக்கப் புள்ளியை ஒரு பைட், பிறகு இரண்டு பைட் என்று நகர்த்தி மறுபடி இறக்குங்கள். சரியான இடத்தில் விழுந்ததும் கச்சேரி கேட்கும்.